சொந்த நோட்புக் முகப்புக்குப் பின்னால் எந்த சர்வர்?

ஜூபிட்டர் நோட்புக்குகளை (கோடும் அதன் வெளியீடும் செல்களாக அடுக்கிய கோப்புகள்) ஓட்ட ஒரு முகப்பை நீங்களே எழுதுகிறீர்களா? முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: நோட்புக் கோப்புகள் யாரிடம் இருக்கும்? சர்வரின் வட்டிலேயே இருக்கட்டும் என்றால் ஜூபிட்டர் சர்வர். கோப்பைத் திறக்க, சேமிக்க, பெயர் மாற்ற எல்லாவற்றுக்கும் அதில் ஏபிஐ உண்டு. செல்களை உங்கள் டேட்டாபேஸிலேயே வைத்துக்கொண்டு கோடை மட்டும் ஓட்டினால் போதுமா? ஜூபிட்டர் கெர்னல் கேட்வே எடுங்கள். (கெர்னல் என்பது கோடை உண்மையில் ஓட்டும் புரோகிராம்.) ஓடும் கெர்னல்களின் பட்டியலை அது இயல்பாகத் தராது, அனுமதி மறுப்பைக் குறிக்கும் 403தான் வரும். அமைப்பில் அனுமதித்தால் சரியாகிவிடும். கெர்னல்கள் குபர்நெட்டீஸில் (பல இயந்திரங்களில் வேலையைப் பகிர்ந்து ஓட்டும் அமைப்பு) சிதறி ஓட வேண்டுமென்றால்தான் என்டர்பிரைஸ் கேட்வே. ஒற்றை இயந்திரத்துக்கு அது வீண் சுமை.

எதை எடுத்தாலும், முகப்பை எழுதும் முன் ஒரு சின்ன ஸ்கிரிப்டில் சோதியுங்கள். போஸ்ட் கோரிக்கையில் கெர்னலைத் தொடங்கி, அதன் சேனல்ஸ் முகவரிக்கு வெப்சாக்கெட் (இரு பக்கமும் செய்தி போகும் திறந்த இணைப்பு) திறந்து, ஒரு பிரிண்ட் வரியை அனுப்புங்கள். கெர்னல் தொடங்கியும் வெப்சாக்கெட் திறக்கவில்லையா? நடுவில் இருக்கும் ப்ராக்ஸி (கோரிக்கைகளைக் கடத்தும் இடைச் சர்வர்), வெப்சாக்கெட்டுக்கு மாறச் சொல்லும் அப்கிரேட் ஹெடரைக் கடத்துகிறதா என்று பாருங்கள். சாதாரண கோரிக்கைகள் ஒழுங்காகப் போவதால் இந்தக் கோளாறு எளிதில் கண்ணில் படாது.

அதிகம் சறுக்குவது செல் எப்போது முடிந்தது என்பதில்தான். செல்லை ஓட்டியதற்குக் கெர்னல் தரும் பதிலான எக்ஸிக்யூட் ரிப்ளை வந்ததுமே முடிந்ததாகக் கொண்டால் கடைசி வரிகள் தொலையும். அந்தப் பதில் ஷெல் என்ற சேனலிலும் (செய்திப் பாதை), பிரிண்ட் போன்ற வெளியீடு ஐஓபப் என்ற சேனலிலும் வருகின்றன. இரண்டுக்கும் இடையே வரிசை உத்தரவாதம் கிடையாது. நீங்கள் அனுப்பிய செய்தியின் ஐடியைப் பேரன்ட் ஹெடரில் (எந்தச் செய்திக்கானது என்று காட்டும் பகுதி) தாங்கிய 'ஐடில்' (வேலை முடிந்து சும்மா இருக்கும்) நிலை ஐஓபப்பில் வரும்வரை காத்திருங்கள். இன்புட் கேட்கும் செல்லையும் ஓட்டிப் பாருங்கள். முகப்பு அதற்குப் பதில் தராவிட்டால் செல் அப்படியே தொங்கும். பதில் தரும் வசதி இல்லையென்றால், கோரிக்கையிலேயே இன்புட் கேட்க அனுமதிக்கும் அலவ் எஸ்டிடிஇன்னை (allow_stdin) அணைத்துவிடுங்கள்.

சும்மா கிடக்கும் கெர்னலை ஜூபிட்டர் சர்வர் தானாக நிறுத்தாது. எவ்வளவு நேரம் சும்மா கிடந்தால் நிறுத்துவது என்ற கால வரம்பின் இயல்பு மதிப்பு 0. 3600 விநாடி வைக்கலாம். வைத்தாலும், டேபைத் திறந்தே விட்டவரின் கெர்னல் இணைப்பில் இருப்பதாகக் கருதப்பட்டு நினைவகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்படி இணைப்பில் இருப்பதையும் நிறுத்தத் தனி அமைப்பு உண்டு.

பிரவுசரின் வெப்சாக்கெட்டில், டோக்கனை (சர்வர் கேட்கும் ரகசியச் சாவி) தாங்கும் ஆதரைசேஷன் ஹெடர் வைக்க முடியாது. டோக்கனை முகவரியில் ஒட்டினால் அது ப்ராக்ஸியின் லாகில் பதியும். அதனால் நடுவே உங்கள் சர்வரை நிறுத்தி, டோக்கனை அங்கேயே வையுங்கள். டோக்கன் வாசற்பூட்டு மட்டுமே. உள்ளே வந்தவர் சர்வர் கணக்கின் உரிமையோடு எதையும் ஓட்டலாம். பலர் பயன்படுத்தும் இடத்தில் ஆளுக்கொரு கன்டெய்னர் (மற்றவற்றிலிருந்து பிரித்து அடைத்த ஓட்டச் சூழல்) கட்டாயம்.