போர்க்கால பயத்தை கார்ட்டூனாக்கும்போது செய்யும் தவறுகள்

போன வாரம் புதிதாக வரையத் தொடங்கிய நான்கு பேரிடம், போர் நேரத்தில் ஊருக்குள் பரவும் சந்தேகத்தைக் கேலி செய்து ஒரு படம் போடச் சொன்னேன். மூன்று பேர் தாடி, கறுப்புக் கண்ணாடியோடு ஓர் ஒற்றனை வரைந்துகொண்டு வந்தார்கள். இருபது வருடத்துக்கு முன்னால் நான் போட்ட அதே ஆள்! கோடு கோணுவது, எழுத்துப்பிழை எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும், அதை விடுங்கள்.

சந்தேகப்படுகிறவனை விட்டுவிட்டு சந்தேகத்துக்கு ஆளானவனை வரைவது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். என் பழைய படத்தைப் பார்த்த ஒருவர், "கரெக்டா போட்டிருக்கீங்க சார், எங்க தெருவுலயும் இப்படி ஒருத்தன் இருக்கான்" என்று கைகொடுத்தார். அவர் சிரிக்கவே இல்லை. வதந்தியைக் கேலி செய்வதாக நினைத்து வதந்திக்கே படம் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

குழந்தைகள் புத்தகங்களுக்காகக் கொண்டாடப்படும் டாக்டர் சூஸும் இந்தக் குழியில் விழுந்தவர்தான். அமெரிக்கா ஜப்பானோடு போரில் இருந்த நேரம், 1942 பிப்ரவரி 13 அன்று நியூயார்க்கின் பி.எம். நாளிதழில் அவர் வரைந்த படத்தில், அமெரிக்க மேற்குக் கரை நெடுக ஜப்பானிய வம்சாவளியினர் வரிசை கட்டி நின்று வெடிமருந்து வாங்குகிறார்கள், கூரை மேல் ஒருவன் தொலைநோக்கியோடு தாயகத்தின் சைகைக்காகக் கடலையே பார்த்துக்கொண்டிருக்கிறான், அத்தனை பேருக்கும் ஒரே முகம். ஆறே நாளில் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட், அவர்களை வெளியேற்ற வழிசெய்த 9066ஆம் ஆணையில் கையெழுத்திட்டார். சுமார் 1,20,000 பேர் வீடு வாசலை விட்டு முகாம்களுக்குப் போகவேண்டி வந்தது. மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். படத்தால்தான் ஆணை வந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதே பத்திரிகையில் யூத வெறுப்பையும் கறுப்பர்கள் மீதான பாகுபாட்டையும் கிழித்துப் போட்டவர் இவரே என்பதுதான் வயிற்றைப் பிசைகிறது.

சரி, அந்த நான்காவது பெண் என்ன வரைந்தாள்? ஒரு தெரு, எல்லா ஜன்னலிலும் திரை இடுக்கில் ஒரு கண், தெருவில் ஆளே இல்லை.

ஒற்றனுக்கு அக்கம்பக்கத்து முகம் கொடுப்பது

இதைச் செய்யாமலே ஒற்றனை வரைய முடியும். போர் ரகசியங்களை வெளியில் உளறாதீர்கள் என்று எச்சரிக்க, 1940இல் பிரிட்டனில் கார்ட்டூனிஸ்ட் ஃபூகாஸ் வரைந்த சுவரொட்டிகளைத் தேடிப் பாருங்கள். இரண்டு பெண்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டு போக, பின் இருக்கையில் ஹிட்லரும் அவருடைய தளபதி கோரிங்கும்! இன்னொன்றில் சுவர்த்தாள் பூவேலைக்குப் பதில் ஹிட்லர் முகமாகவே இருக்கும், நாம் சொல்லும் சுவருக்கும் காது உண்டு கதைதான். கேலி வாய் ஓயாதவர்கள் மேல் விழுகிறது, அந்த மீசையை வைத்துத் தெருவில் யாரையும் கைகாட்ட முடியாது.

செத்தவர்களை வைத்து ஜோக்

வேண்டாம்.

வதந்தி வந்த ராத்திரியே வரைந்து அனுப்புவது

அந்த நேரத்தில் நீங்களும் பயந்துதான் போயிருப்பீர்கள். காலையில் எழுந்து ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.