பெறுபேறு வந்த பிறகு செய்யும் தவறுகள்

உயர்தரப் பெறுபேறு வெளிவந்த அன்று யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் எல்லாவற்றிலும் ‘எத்தனை ஏ?’ என்ற ஒரே கேள்விதான் இருக்கும். கனடாவிலிருக்கும் சித்தப்பாவும் அதையே கேட்பார். பக்கத்து வளவு அன்ரியும் வேலிக்கு மேலால் அதையே கேட்பார். பல்கலைக்கழகம் கிடைக்குமா என்பதற்கு அந்தக் கேள்வியில் பதில் கிடையாது. எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் சில ஆண்டுகளாகப் பிள்ளைகளின் அனுமதி விண்ணப்பங்களையும் உதவிப்பண விண்ணப்பங்களையும் பார்த்துக் கொடுத்து வருகிறேன். பரீட்சை மண்டபத்தில் இழந்த புள்ளிகளை யாரும் மீட்டுத் தர முடியாது. பெறுபேறு வந்த பிறகு வீட்டு மேசையிலும் தபாற்கந்தோரிலும் இழக்கப்படும் வாய்ப்புகளோ பெரும்பாலும் தவிர்க்கக்கூடியவை என்பதை அந்த மேசையடியில் இருந்துதான் அறிந்துகொண்டேன்.

முதலாவது தவறு, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசற் புள்ளியை (Z-score) பரீட்சைப் புள்ளியைப் போலவே வாசிப்பது. ஒரு பாடத்தில் ஒருவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றியவர்களின் சராசரியைக் கழித்து, வரும் விடையை நியம விலகலால், அதாவது எல்லோருடைய புள்ளிகளும் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்துள்ளன என்பதன் அளவால், வகுத்தால் அப்பாடத்தின் இசற் புள்ளி கிடைக்கும். மூன்று பாடங்களுக்கும் கிடைத்தவற்றின் சராசரியே பெறுபேற்றில் அச்சிடப்படுகிறது. ஆகவே மூன்று ஏ பெற்ற இருவரின் இசற் புள்ளிகளுக்கிடையில் பெரிய இடைவெளி இருக்கலாம். வெட்டுப்புள்ளி என்பதும் முன்கூட்டியே யாரோ குறித்து வைக்கும் எல்லை அன்று. ஒரு மாவட்டத்திலிருந்து ஒரு கற்கைநெறிக்குக் கடைசியாகத் தெரிவானவரின் புள்ளியே அந்த ஆண்டின் வெட்டுப்புள்ளியாகிறது. கடந்த ஆண்டின் பட்டியலைப் பார்த்து, ‘எனக்குக் கொஞ்சம் குறைவு, இனிப் போட்டுப் பயனில்லை’ என்று ஒரு கற்கைநெறியை விண்ணப்பத்திலிருந்தே நீக்கிவிடுபவர்கள், இன்னும் ஓடி முடியாத ஓட்டத்திலிருந்து தாமாகவே விலகிக்கொள்கிறார்கள்.

இதனோடு சேர்த்து ஒதுக்கீட்டையும் விளங்கிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான விஞ்ஞான, வணிகக் கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் நாடளாவிய திறமையின் அடிப்படையிலும், 55 சதவீத இடங்கள் மாவட்ட அடிப்படையிலும், மீதி 5 சதவீதம் கல்வி வசதி குறைந்தவையாகக் கருதப்படும் மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன; கலைத்துறை உட்படச் சிலவற்றுக்கு மட்டும் முழுவதும் நாடளாவிய திறமையே அளவுகோல். பல்கலைக்கழக அனுமதியில் தமிழ் மாணவரின் இடங்களைக் குறைத்த எழுபதுகளின் தரப்படுத்தலை நேரில் அனுபவித்த தலைமுறை இந்த ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால் விண்ணப்ப முடிவுத்திகதியே கடந்துவிடும். அந்த மனக்குறைக்கு நியாயமில்லை என்று நான் சொல்லவில்லை; ஆனால் அந்தப் பழைய வாதத்தை நடத்துவதற்கு விண்ணப்பம் நிரப்பும் மேசை பொருத்தமான இடமன்று.

இரண்டாவது தவறுதான் நான் கண்டவற்றுள் மிகப் பெரிய இழப்பைத் தருவது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் கற்கைநெறிகளையும் பல்கலைக்கழகங்களையும் விருப்ப ஒழுங்கில் வரிசைப்படுத்த வேண்டும். ‘முதலாவதாகப் போட்டால்தான் தருவார்கள்’ என்றும், ‘கிடைக்காததை மேலே போட்டால் கிடைக்கிறதும் போய்விடும்’ என்றும் இரண்டு நம்பிக்கைகள் எங்கள் பக்கத்தில் பரவலாக உள்ளன; இரண்டுமே பிழையானவை. ஒரு மாணவரின் இசற் புள்ளியை வைத்துக்கொண்டு அவருடைய பட்டியல் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படுகிறது. அவருடைய புள்ளி எட்டும் முதலாவது இடம் அவருக்கு வழங்கப்படுகிறது. அதற்குக் கீழே உள்ளவை பிறகு கவனிக்கப்படுவதில்லை. எட்டாத ஒன்றை மேலே எழுதியதால் கீழே உள்ளது பறிபோவதில்லை. எட்டக்கூடிய ஒன்றை முதலாவதாக எழுதியதால் அதில் முன்னுரிமை கிடைப்பதுமில்லை. மருந்தகவியலை விரும்பிய ஒரு மாணவன் பயத்தினால் உயிரியல் விஞ்ஞானத்தை முதலாவதாக எழுதினான். பின்னர் வெட்டுப்புள்ளிகள் வெளிவந்தபோது, மருந்தகவியலுக்கான புள்ளியையும் தான் கடந்திருந்ததைக் கண்டான். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவர் அவனுடைய மாமா. அன்பினால் செய்த உதவிதான், ஆனால் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலை அவர் திறந்தும் பார்த்திருக்கவில்லை. ஆகவே உண்மையான விருப்பத்தின்படியே எழுத வேண்டும். பட்டியலைக் குறுக்கவும் கூடாது, போக மனமில்லாத ஒன்றை இடம் நிரப்புவதற்காக விரும்பியதற்கு மேலே வைக்கவும் கூடாது.

பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்த்து இடத்தைப் பாராமல் விடுவதும் இதன் இன்னொரு வடிவமே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்றால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்குச் சைக்கிளில் போய் வரலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். பொறியியல், விவசாயம், தொழினுட்பம் ஆகிய பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டதால், அங்குள்ள கற்கைநெறிகளைத் தனியாகவே தெரிவு செய்ய வேண்டும். இவை சிறு விடயங்கள்தான்; ஆனால் விடுதிச் செலவையும் பயணச் செலவையும் முன்னரே கணக்கிடாத குடும்பம் முதலாம் வருடத்திலேயே தடுமாறத் தொடங்குகிறது.

சங்கீதம், நடனம், சித்திரம் போன்ற கற்கைநெறிகளுக்கும், மொறட்டுவையில் கட்டடக்கலை போன்றவற்றுக்கும் உளச்சார்புப் பரீட்சை உண்டு. ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் அக்கற்கைநெறியைக் குறிப்பிட்டால் மட்டும் போதாது. உரிய பல்கலைக்கழகம் பத்திரிகையிலும் இணையத்திலும் விடுக்கும் அறிவித்தலைப் பார்த்து அங்கும் தனியாக விண்ணப்பித்து, அந்தப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். சிறுவயது முதல் வீணை பழகிய பிள்ளை இந்த அறிவித்தலைக் காணாமல் ஓர் ஆண்டை இழப்பதைப் பார்த்தால் மனம் பொறுப்பதில்லை. உயர்தரப் பரீட்சையோடு எழுதும் பொதுச் சாதாரண வினாத்தாளில் குறைந்தது 30 புள்ளிகள் பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பலர் முக்கிய பாடங்களின் மும்முரத்தில் மறந்துவிடுகிறார்கள்.

விடைத்தாள் மீளாய்வுக்கு விண்ணப்பித்தவர்கள் அதன் முடிவு வரட்டும் என்று காத்திருந்து அனுமதி விண்ணப்பத்தைத் தவறவிடுவதும் நடக்கிறது. இரண்டும் வெவ்வேறு பாதைகள். கையிலுள்ள பெறுபேற்றோடு உரிய காலத்தில் விண்ணப்பித்துவிட வேண்டும்.

அடுத்தது ஆவணங்கள். இணையவழி விண்ணப்பத்தைச் சந்தியிலுள்ள கொமியூனிகேசன் கடையில் நிரப்பும் பிள்ளைகளுக்குச் சில வேளைகளில் அந்தக் கடைக்காரரின் மின்னஞ்சல் முகவரியே பதியப்பட்டுவிடுகிறது. தெரிவு அறிவித்தல் வரும்போது அது யாருடைய பெட்டியில் கிடக்கிறது என்று எவருக்கும் தெரிவதில்லை. மின்னஞ்சல் முகவரியும் தொலைபேசி இலக்கமும் மாணவருடையவையாகவும், அடுத்த ஓராண்டுக்கு மாறாதவையாகவும் இருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் தேசிய அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் பெயர் இருப்பது எங்கள் பிரதேசத்தில் சாதாரணம். தகப்பனின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் எழுத்து கூடிக் குறைவதாலும், இடப்பெயர்வில் தொலைந்த ஆவணங்களுக்குப் பதிலாகப் பிற்காலத்தில் பிரதிகள் எடுத்ததாலும் இந்த வேறுபாடு உண்டாகிறது. பதிவு நாளுக்கு முதல்நாள் பிரதேச செயலகத்துக்கு ஓடுவதைக் காட்டிலும், பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரையுள்ள மாதங்களில் இதைச் சீர்செய்வது எவ்வளவோ எளிது.

புலமைப்பரிசில்களைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும். 1981 ஆம் ஆண்டு லலித் அத்துலத்முதலியால் தொடங்கப்பட்ட மகாபொல நிதியத்தின் கொடுப்பனவை ‘கெட்டிக்காரருக்கு மட்டும்’ என்று நினைத்து விட்டுவிடுபவர்களும், ‘வறியவருக்கு மட்டும்’ என்று கூச்சப்பட்டு விட்டுவிடுபவர்களும் இருக்கிறார்கள். அதில் திறமை அடிப்படையிலான பகுதியும் குடும்ப வருமானத்தைக் கவனிக்கும் பகுதியும் உண்டு. மகாபொல கிடைக்காத குறைந்த வருமானக் குடும்பத்தவருக்குப் பேர்சரி என்ற உதவிப்பணமும் உண்டு. வருமானச் சான்றுக்காகக் கிராம அலுவலரிடம் போகும்போது, அண்ணன் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணத்தை மறைப்பதும், மழைக்கு அழிந்த வெங்காயச் செய்கையை நல்ல வருடத்து வருமானத்தோடு காட்டுவதும் இரண்டும் பிழை. முன்னையது பிடிபட்டால் உதவி நிற்கும். பின்னையதில் உரிய உதவி கிடைக்காமலே போகும். உள்ளதை உள்ளபடி எழுதி, சிறு பற்றுத்துண்டுகளைக்கூட ஒட்டி வைத்துக்கொண்டு போவதே நல்லது.

அரச உதவிகளுக்கு அப்பால், எங்கள் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள், கோயில்கள், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் ஊர்ச் சங்கங்கள் எனப் பல இடங்களிலிருந்து உதவிகள் வருகின்றன. பெறுபவர்கள் செய்யும் தவறு, கேட்கவேண்டிய காலத்தில் கேளாமல் இருப்பதும், பெற்ற பிறகு ஒரு வரி கடிதமும் எழுதாமல் விடுவதும் ஆகும். கொடுப்பவர்கள் செய்யும் தவறோ இதைவிடப் பாரதூரமானது என்பது என் அபிப்பிராயம். மேடையில் ஏற்றி, ‘தகப்பனில்லாத பிள்ளை’ என்று ஒலிபெருக்கியில் சொல்லி, காசோலையைப் பிடித்தபடி படமெடுத்து முகநூலில் போட்டுவிட்டு, அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளை விண்ணப்பிக்கவில்லையே என்று வியப்பதில் பொருளில்லை. மருத்துவபீடத்துக்கும் பொறியியற்பீடத்துக்கும் தெரிவானவர்களுக்கே உதவி என்று வரையறுப்பதும் அப்படித்தான். கலைப்பீடத்து மாணவிக்கும் விடுதிக்காசு அதே காசுதான். முழுத்தொகையையும் ஒரே நாளில் கொடுத்துப் படம் எடுப்பதைக் காட்டிலும், மாதாமாதம் மாணவரின் கணக்குக்கு ஒரு சிறு தொகை போடப்படுவதால் படிப்பு இடையில் நிற்காது.

வெளிநாட்டுப் படிப்பைப் பற்றிய தவறுகளில் காசு பெரிதாகக் கைமாறுகிறது. இந்திய அரசின் புலமைப்பரிசில்களை அறிவிப்பது கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயம்; யாழ்ப்பாணத்தில் 2010 முதல் துணைத்தூதரகமும் இயங்குகிறது. இவ்வாறான உண்மையான புலமைப்பரிசில் எதற்கும் முகவர் ஒருவருக்கு முற்பணம் கட்டத் தேவையில்லை. சில முகவர்கள் ‘ஐம்பது வீதப் புலமைப்பரிசில்’ என்று சொல்வது பெரும்பாலும் கட்டணக் கழிவுதான்; கழித்த பின்னர் மிஞ்சும் தொகையைக் கேட்டால் காணியை ஈடு வைக்க வேண்டியிருக்கும். அப்பட்டத்தை இலங்கையில் ஏற்றுக்கொள்வார்களா என்பதைப் பணம் கட்ட முன்னர் மானியங்கள் ஆணைக்குழுவிடம் விசாரிக்க வேண்டும். மருத்துவமாயின் இலங்கை மருத்துவ சபை அந்தக் கல்லூரியை அங்கீகரித்துள்ளதா என்பதையும், திரும்பி வந்து அச்சபையின் பதிவைப் பெறுவதற்கான பரீட்சையையும் தகைமை நிபந்தனைகளையும் நேரடியாக அறிந்துகொள்ள வேண்டும். முகவரின் வாய்மொழியை நம்பி ஐந்தாறு ஆண்டுகளைக் கொடுப்பது ஆபத்து.

தகுதி பெறுபவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குக்கூட அரச பல்கலைக்கழகங்களில் இடம் இல்லை. இந்த எண்ணிக்கையை முன்னால் வைத்துக்கொண்டும், இடம் கிடைக்காத பிள்ளையைத் ‘தவறியவர்’ என்று அழைப்பது கணக்கே தெரியாதவர்களின் பேச்சு. உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவை தோற்றலாம் என்பதால் மூன்று தடவையும் தோற்றியே ஆக வேண்டும் என்று வீடுகளில் தீர்மானிக்கிறார்கள். இரண்டாம் தடவைக்கு முன்னர் முதல் தடவை ஏன் குறைந்தது என்று அமைதியாக ஆராயாமல், அதே தனியார் கல்வி நிலையத்துக்கு அதே பாடக்குறிப்போடு அனுப்பிவிடுகிறார்கள். கோப்பாயிலுள்ள தேசிய கல்வியியற் கல்லூரி, யாழ்ப்பாணத்து உயர் தொழினுட்பவியல் நிறுவகம், திறந்த பல்கலைக்கழகத்தின் யாழ் பிராந்திய நிலையம், அறிவியல் நகரிலுள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் ஆகியவற்றின் விண்ணப்பக் காலங்கள் இந்த மூன்றாம் தடவைக் காத்திருப்பில் ஒவ்வொன்றாகக் கடந்து போகின்றன. அவற்றுக்கு விண்ணப்பித்துக்கொண்டே மறுதடவை தோற்றுவதற்கும் வழி உண்டு. ஆனால் எதையும் பதிவு செய்வதற்கு முன்னர் அந்தந்த நிறுவனத்தின் நிபந்தனைகளை வாசிக்க வேண்டும். அரச பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு தடவை பதிவு செய்தவர் பின்னர் புதிய பெறுபேற்றுடன் மீண்டும் விண்ணப்பிப்பதற்குக் கட்டுப்பாடுகள் உள்ளன.

பெறுபேறு வந்த நாளில் கதவைச் சாத்திக்கொண்டு பேசாமலிருக்கும் பிள்ளையிடம் ஒப்பீடுகளைச் சொல்வதையும், சொந்தக்காரருக்கு என்ன மறுமொழி சொல்வது என்று அவர் காதுபடக் கவலைப்படுவதையும் தவிர்க்க வேண்டும். சாப்பிடாமலும் உறங்காமலும் நாட்கள் நீண்டால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கும் போகலாம். சித்தப்பாவின் அழைப்புக்குப் பெற்றோரே பதில் சொல்லிக்கொள்ளட்டும்; எத்தனை ஏ என்று அவர் கேட்டால், விண்ணப்பத்தில் எதை முதலாவதாகப் போடுவது என்று இருந்து யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லலாம்.