மழை எத்தனை சென்டிமீட்டர்? மொட்டை மாடியில் ஒரு மழைமானி

ஐப்பசி பிறந்தால் சென்னைப் பிள்ளைகள் ஒழுங்காகச் செய்தி கேட்கத் தொடங்கிவிடுவார்கள். வேறெதற்கு, நாளைக்கு லீவா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான். போன வருடம் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோது ஐந்தாவது படிக்கும் என் மகளுக்கு ஒரு சந்தேகம்: "நுங்கம்பாக்கத்துல 6 சென்டிமீட்டர் மழைன்னா என்னப்பா? தண்ணிய லிட்டர்லதானே அளக்கணும்?" ஊரில் தாத்தா வயலில் காலை வைத்துப் பார்த்தே ‘ஒரு உழவு மழை’ என்று சொல்லிவிடுவார். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பாட்டிலை வெட்டினேன்.

மழையை அளக்கும் இந்த மழைமானியை நான்காவது, ஐந்தாவது படிக்கிற பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் செய்து முடிக்கலாம்.

தேவையானவை: 2 லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில், ஒரு கை கூழாங்கல், ஸ்கேல், அழியாத மார்க்கர் பேனா, செல்லோடேப், ஒரு பூந்தொட்டி. பாட்டிலின் நடுப்பகுதி நேராக இருக்க வேண்டும். இடுப்பு ஒடுங்கியதோ வரிவரியாக மேடுபள்ளம் உள்ளதோ ஆகாது.

1. பாட்டிலின் கழுத்துச் சரிவு எங்கே முடிகிறதோ அங்கே சுற்றி வெட்டுங்கள். இது பெரியவர்கள் வேலை. வெட்டிய ஓரம் கையைக் கிழிக்கும், டேப் ஒட்டிவிடுங்கள். மூடியைக் கழற்றிவிட்டு மேல்துண்டைத் தலைகீழாக உள்ளே செருகினால் புனல் தயார். விழுந்த நீர் தெறித்து வெளியே போகாது, வெயிலில் சீக்கிரம் வற்றவும் செய்யாது.

2. பாட்டிலின் அடி மேடும் குழியுமாக இருக்கும். அதிலிருந்து அளந்தால் கணக்கு தப்பும். கூழாங்கற்களைப் போட்டு, அவை மூழ்கி, நேரான பகுதி தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றுங்கள். அந்த மட்டம்தான் பூஜ்யம். அங்கிருந்து மேலே மில்லிமீட்டர் கோடுகள். பள்ளிக்கூட ஸ்கேலில் 0 என்பது ஓரத்திலிருந்து கொஞ்சம் தள்ளித்தான் தொடங்கும். முதல் தடவை நாங்கள் ஓரத்தை வைத்துக் கோடு போட்டு, அத்தனையையும் அழித்து மறுபடி போட்டோம்.

3. மொட்டை மாடியில் மண் நிரப்பிய பூந்தொட்டிக்குள் பாட்டிலை நேராகப் புதைத்து வையுங்கள், காற்றில் சாயாது. கைப்பிடிச் சுவர் 3 அடி உயரம் என்றால் 6 அடியாவது தள்ளி. மரத்தடி, தண்ணீர்த் தொட்டி ஓரம் கூடவே கூடாது.

4. தினமும் காலை 8.30க்குப் பாருங்கள். வானிலை ஆய்வு மையமும் ஒரு நாள் காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரையிலான மழையைத்தான் கணக்கில் எடுக்கிறது. (அந்த நேரத்துக்கு ஸ்கூல் வேன் வந்துவிடும் என்பது வேறு விஷயம். மழை லீவு நாட்களில் பிரச்சினை இல்லை.) கண்ணை நீர்மட்டத்துக்கு நேரே வைத்துப் படிக்க வேண்டும். இடி மின்னல் இருந்தால் மாடிக்குப் போகவே வேண்டாம். அளந்ததும் நீரைக் கொட்டி, மீண்டும் பூஜ்யம் வரை நிரப்புங்கள். மழை இல்லாத நாளிலும் தண்ணீரை மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் கொசு வளர்ப்பதாகிவிடும்.

இனிதான் சுவாரசியம். நேரான பக்கமுள்ள டப்பாக்கள் இரண்டை, ஒன்று குறுகலாக, ஒன்று அகலமாக, பாட்டில் பக்கத்திலேயே வையுங்கள். எதில் அதிக உயரம் நிற்கும் என்று மழைக்கு முன்பே பிள்ளைகளிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என் மகளும் மேல்வீட்டுப் பையனும் அகலமானதைத்தான் சொன்னார்கள். மூன்றிலும் ஏறக்குறைய ஒரே உயரம்! வாய் அகலமானால் துளிகள் அதிகம் விழும், ஆனால் அவை பரவ வேண்டிய அடிப்பரப்பும் அதே அளவு அதிகம். மழையை லிட்டரில் சொன்னால் பாத்திரத்துக்குப் பாத்திரம் மாறும், சென்டிமீட்டரில் சொன்னால் மாறாது. லிட்டர் வேண்டுமென்றால் பரப்பால் பெருக்கிக்கொள்ளலாம்: ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடியில் 1 செ.மீ. பெய்தால் சுமார் 930 லிட்டர். கேன் தண்ணீர் வாங்குகிற வீட்டில் இந்தக் கணக்கைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

ஒரு நாள் எங்கள் பாட்டிலில் 4 செ.மீ. செய்தியில் நுங்கம்பாக்கத்துக்குச் சொன்னது அதில் பாதிகூட இல்லை. "நம்மது தப்பா?" என்றாள். தப்பு என்று சொல்லித் திருத்திவிடாதீர்கள். பக்கத்தில் இன்னொரு பாட்டில் வையுங்கள். இரண்டும் ஒரே எண் காட்டினால், உங்கள் தெருவில் பெய்தது அவ்வளவுதான். சென்னையில் ஒரு பேட்டையில் கொட்டும் மழை அடுத்த பேட்டையில் தூறலோடு நின்றுவிடும்.

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவானது 49 செ.மீ. நம் பாட்டிலோ ஓர் அடிகூட இல்லை. அன்றைக்கு இருந்திருந்தால் எப்படி அளந்திருப்பீர்கள் என்று கேட்டுப் பார்த்தேன். உயரமான பி.வி.சி. குழாய் என்றாள் மகள். மேல்வீட்டுப் பையன், பாட்டிலை ஒரு பக்கெட்டுக்குள் வைத்து வழிவதைப் பிடிக்கலாம் என்றான். பக்கெட்டில் நேராக விழும் மழையை என்ன செய்வாய் என்றதும் யோசித்துவிட்டு, பக்கெட் மூடியில் பாட்டில் அளவுக்கு ஓட்டை போட ஆரம்பித்திருக்கிறான்.