பழைய மட்டக்குதிரைக் கதைகள்: முழுப் பதிப்பைக் கண்டுபிடித்து வாங்கும் வழி

1930களிலிருந்து 1960கள் வரை பிரிட்டனில் சிறுவர் சிறுமியருக்கென்று மட்டக்குதிரைக் (போனி) கதைகள் ஏராளமாக வந்தன. அவை இன்றும் கையைக் கடிக்காத விலையில் கிடைக்கும். ஆனால் எந்தப் பதிப்பு என்று பார்க்காமல் வாங்கினால், வெட்டிச் சுருக்கிய கதைதான் குழந்தையின் கைக்குப் போகும்.

படி 1: ஒரே எழுத்தாளரில் தொடங்குங்கள். ஜில் என்ற சிறுமியைப் பற்றி ரூபி ஃபெர்குசன் எழுதிய ஜில் வரிசை நல்ல தொடக்கம். 1949 முதல் 1962 வரை வந்தவை மொத்தம் 9 புத்தகங்கள்தான். அடுத்து, 1936இல் 'எ போனி ஃபார் ஜீன்' எழுதிய ஜோஅன்னா கேனன். அவருடைய மகள்கள் ஜோசஃபின், டயானா, கிறிஸ்டீன் புல்லன்-தாம்சன் மூவரும் இதே வகையில் எழுதிக் குவித்தார்கள். அவர்களை மொத்தமாகச் சேர்க்க இப்போதே இறங்க வேண்டாம்.

படி 2: தேடுங்கள். பழைய புத்தகங்கள் விற்கும் ஏபிபுக்ஸ் இணையதளம், ஈபே இரண்டும் போதும். இந்தப் புத்தகங்கள் முதலில் வந்த காலத்தில் ஐஎஸ்பிஎன் (ஒவ்வொரு பதிப்புக்கும் தரும் தனி எண்) கிடையாது. அதனால் தலைப்பு, பதிப்பகம், ஓவியர் பெயர் மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள். விற்பவர் தன் பிரதியைப் படம் எடுத்துப் போடவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

படி 3: கதை முழுசா என்று பாருங்கள். பலரும் சறுக்கும் இடம் இதுதான். 1960களில் ஆர்மடா பதிப்பகம் வெளியிட்ட பேப்பர்பேக்குகளில் பல கதைகள் சுருக்கப்பட்டவை. அட்டையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. பக்க எண்ணிக்கையை மட்டும் நம்பினாலும் தப்பாகும். எழுத்து சிறியதாக இருந்தால் முழுக் கதையும் குறைந்த பக்கத்தில் அடங்கிவிடுமே.

விற்பவரிடம் மூன்று படங்கள் கேளுங்கள்: அத்தியாயப் பட்டியல், நடுவில் ஒரு முழுப் பக்கம், கடைசிப் பக்கம். பிறகு இப்படிக் கணக்குப் போடுங்கள்: ஒரு பக்கத்தின் வரிகள் × ஒரு வரியின் சராசரிச் சொற்கள் × மொத்தப் பக்கங்கள். உதாரணத்துக்கு, ஒரே கதையின் கெட்டி அட்டைப் பதிப்பில் 30 × 10 × 220 = 66,000. பேப்பர்பேக்கில் 38 × 9 × 128 = 43,776. இவ்வளவு இடைவெளி இருந்தால் வெட்டியிருக்கிறார்கள். பத்து சதவீதம் முன்னே பின்னே இருந்தால் பொருட்படுத்த வேண்டாம். அத்தியாய முடிவின் வெற்றிடம், படங்கள் ஆகியவற்றால் அந்த வித்தியாசம் வரும்.

படி 4: காலத்தைக் கணியுங்கள். தலைப்புப் பக்கத்தின் பின்புறம் 'முதல் பதிப்பு' என்ற வரிக்குக் கீழே மறுஅச்சு ஆண்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். விலையும் உதவும். 2/6 (2 ஷில்லிங் 6 பென்ஸ்) என்று பழைய நாணயத்தில் மட்டும் இருந்தால், 1971 பிப்ரவரி 15இல் பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறியதற்கு முந்தைய அச்சு. இரண்டாம் உலகப் போர்க் காலத் தாள் சிக்கனத்தைக் காட்டும் முத்திரை இருந்தால் தாள் மெல்லியதாக இருக்கும். ஓரம் எளிதில் ஒடியும். 'சில்ரன்ஸ் புக் கிளப்' என்று போட்டவை சங்க உறுப்பினர்களுக்கான மறுபதிப்புகள். சேகரிப்பாளர்கள் அவற்றுக்கு அதிக விலை தருவதில்லை. படிக்கும் குழந்தைக்கு அது நல்லதுதான்.

மேலுறை இல்லாத கெட்டி அட்டைப் பிரதியைத்தான் நான் முதலில் வாங்கச் சொல்வேன். முழுக் கதையும் இருக்கும். முதல் பதிப்புக்கும் மேலுறைக்கும் கொடுக்கிற பணத்தில் நாலு புத்தகம் வாங்கிவிடலாம்.

படி 5: வந்ததும் சுத்தம் செய்யுங்கள். மென்மையான தூரிகையால் முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தூசியைத் தட்டுங்கள். ஈரத்துணி வேண்டவே வேண்டாம். கிழிசலில் செல்லோடேப் ஒட்டாதீர்கள்; பசை பழுத்துத் தாளில் இறங்கிவிடும். மேலுறைக்குப் பாலியெஸ்டர் உறை போடுங்கள், பிவிசி கூடாது.

பூச்சி இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், காற்றை வெளியேற்றி ஜிப் பையில் மூடி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு முழு நாள் பையைத் திறக்காதீர்கள். உடனே திறந்தால் குளிர்ந்த தாளில் ஈரம் படிந்து பூஞ்சை பிடிக்கும்.

பின்னர் சேர்த்தது: ஜில் வரிசையில் ஒரே கதை இரண்டு பெயரில் உண்டு. 1954இல் வந்த 'ஜில் என்ஜாய்ஸ் ஹெர் போனீஸ்' பேப்பர்பேக்கில் 'ஜில் அண்ட் த ரன்அவே' ஆனது. 'போனி ஜாப்ஸ் ஃபார் ஜில்' என்பதும் 'சேலஞ்சஸ் ஃபார் ஜில்' என்பதும் ஒன்றே. வாங்க வேண்டியவற்றின் பட்டியலில் இரண்டு பெயரையும் ஒரே வரியில் எழுதி வையுங்கள்.