செயற்கைக்கோள் படத்தில் புதர்ப் பரப்பை அளப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேய்ச்சல் நிலங்களின் புதர்ப் பரப்பை அளக்கப் புதிதாக வருபவர்களின் வரைபடங்களைச் சரிபார்க்கும்போதெல்லாம், தொடக்கத்தில் நான் செய்த தவறுகளையே அவற்றில் மீண்டும் காண்கிறேன். மேகத்தையும் அதன் நிழலையும் நீக்காமல் விடுவது போன்றவை தாமே கண்ணில் பட்டுவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

மழைக்குப் பிந்தைய பசுமையைப் புதர் என்று எண்ணுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். சிவப்பு, அண்மை அகச்சிவப்பு ஆகிய இரு அலைப்பட்டைகளிலிருந்து கணக்கிடப்படும் என்டிவிஐ என்ற பசுமைக் குறியீடு, ஓரிடத்தில் பசுமை எவ்வளவு என்று காட்டுமே தவிர, அது புல்லினுடையதா புதரினுடையதா என்று சொல்லாது. ஒரு நிலத்தின் பத்தாண்டு மாற்றத்தைக் கணிக்க, தொடக்க ஆண்டுக்குக் கோடைப் படத்தையும், இறுதி ஆண்டுக்கு மழை ஓய்ந்த மூன்றாம் வாரத்தில் எடுக்கப்பட்ட, மேகமே இல்லாத தெளிவான படத்தையும் நான் ஒருமுறை தேர்ந்தெடுத்தேன். புதர் இரு மடங்காகிவிட்டது என்று அறிக்கை தந்தேன். அதை நம்பிப் புதர் அகற்றும் இயந்திரங்களுக்கு முன்பணமும் கொடுக்கப்பட்டது. நேரில் சென்றபோது, அடர்புதர் என்று நான் குறித்திருந்த தாழ்வான பகுதியில் முழங்கால் உயரத்துக்குப் புல் நின்றது. அதனிடையே ஏழெட்டுப் புதர்களே இருந்தன. முன்பணம் திரும்பி வரவில்லை.

மேல்மண்ணின் ஈரத்தை நம்பியிருக்கும் புல் மழை நின்ற சில வாரங்களில் காய்ந்துவிடும். ஆழ வேரோடிய பசுமைமாறாப் புதர் அதன் பின்னும் பச்சையாகவே நிற்கும். அந்த இடைவெளியில் எடுக்கப்பட்ட படங்களே புதரைப் பிரித்துக் காட்டும். வறட்சியில் இலை உதிர்க்கும் புதர்களுக்கு இது பொருந்தாது என்பதால், உங்கள் நிலத்தில் உள்ள இனம் எப்போது துளிர்க்கிறது, எப்போது உதிர்க்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். இரண்டு ஆண்டுகளிலும் ஒரே தேதியை எடுத்தாலும் போதாது. மழை ஆண்டுதோறும் ஒரே நாளில் வருவதில்லை. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 முதல் இலவசமாகக் கிடைக்கும் நிலையில், ஆண்டுக்கு ஒரே ஒரு படத்தை வைத்து முடிவு சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

பிக்சல் முழுவதையும் புதராக்குவது

லேண்ட்சாட் படத்தின் மிகச்சிறு கட்டமான பிக்சல் ஒன்று தரையில் 900 சதுர மீட்டர். 2 மீட்டர் விட்டமுள்ள ஒரு புதரின் விரிவோ ஏறத்தாழ 3 சதுர மீட்டர்தான். புதர் உண்டு, இல்லை என்று வகைப்படுத்தாமல், பிக்சலில் புதர் எத்தனை விழுக்காடு என்று கணியுங்கள்.

சென்டினல்-2 மதிப்புகளை அப்படியே ஒப்பிடுவது

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்களிலிருந்து 2022 ஜனவரி 25 முதல் புதிய முறையில் வெளியாகும் படங்களில் ஒவ்வொரு மதிப்புடனும் 1000 கூட்டப்பட்டிருக்கிறது. அதைக் கழிக்காமல் பழைய படங்களுடன் ஒப்பிட்டால் என்டிவிஐ குறைந்து, அழியாத புதர் அழிந்ததாகத் தோன்றும். பழைய படங்களும் பின்னர் புதிய முறைக்கு மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால், படம் எடுத்த தேதியை நம்பாமல் உடன்வரும் விவரக் கோப்பைப் பாருங்கள்.

புதர்த் திட்டின் விளிம்பில் நின்று களப்புள்ளி எடுப்பது

களப்புள்ளி என்பது படத்தைச் சரிபார்க்க நேரில் சென்று குறிக்கும் இடம். கைபேசி காட்டும் இருப்பிடத்தில் உள்ள சில மீட்டர் பிழையே உங்களை அடுத்த பிக்சலில் நிறுத்திவிடும்.