விளம்பர போன்களை மரியாதையாக நிறுத்துவது எப்படி? 1909 முதல் போன் செட்டிங் வரை

"சார், உங்க பேருக்கு அஞ்சு லட்சம் லோன் அப்ரூவ் ஆகியிருக்கு." "மேடம், ஓசூர்ல டிடிசிபி அப்ரூவ்டு ப்ளாட், இந்த ஞாயித்துக்கிழமை சைட் விசிட் வர்றீங்களா?" தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் செல்போன் வைத்திருப்பவர்களுக்கு இந்த வசனங்கள் மனப்பாடம். ஓசூர், வேப்பனப்பள்ளி, தளி பக்கம் என்றால் இதே வசனம் கன்னடம், தெலுங்கு, இந்தியிலும் வரும்.

'தெரியாத நம்பரை எடுக்காதே, வேலை முடிந்தது' என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். நம் ஊருக்கு அது ஒத்துவராது. மாங்காய் சீசனில் எந்த வியாபாரி எந்த நம்பரிலிருந்து கூப்பிடுவார் என்று தோப்புக்காரருக்குத் தெரியாது. பாலக்கோட்டிலிருந்து தக்காளி ஏற்றும் லாரி டிரைவர், ஒகேனக்கல்லில் ரூம் கேட்பவர், சிப்காட் கம்பெனியில் இன்டர்வியூவுக்குக் கூப்பிடுபவர் எல்லோருமே புது நம்பர்தான். அதனால் போனை எடுத்தாக வேண்டும். எடுத்தால் அரை நிமிஷத்தில் முடிய வேண்டும், அதே ஆள் திரும்பக் கூப்பிடவும் கூடாது. இந்த மூன்றுக்கும் சேர்த்துத்தான் இந்த முறை.

படி 1: நம்பரின் தலையைப் பாருங்கள்

140 என்று தொடங்கினால் அது பதிவு செய்த விளம்பர நிறுவனம். 1600 என்று தொடங்கினால் வங்கி, காப்பீடு போன்ற நிறுவனங்களும் அரசுத் துறைகளும் வாடிக்கையாளரிடம் சேவை சம்பந்தமாகப் பேச ஒதுக்கிய வரிசை. அதை எடுத்துப் பேசலாம். எடுத்தாலும் ஓடிபி மட்டும் யாருக்கும் சொல்ல வேண்டாம்.

தொல்லை இந்த இரண்டிலும் இல்லை. சாதாரண 10 இலக்க செல் நம்பரிலிருந்து லோனும் ப்ளாட்டும் விற்கிறார்களே, அவர்கள்தான் தொல்லை. விளம்பரத்துக்குச் சாதாரண நம்பரைப் பயன்படுத்துவதே விதிமீறல். டிஎன்டி (விளம்பரம் வேண்டாம் என்று நம் நம்பரைப் பதியும் வசதி) போட்டும் போன் வருகிறது என்று புலம்புபவர்களுக்குப் பெரும்பாலும் வருவது இந்த வகைதான். டிஎன்டி கட்டுப்படுத்துவது பதிவு செய்தவர்களை. பதிவே செய்யாதவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவனுக்கு மருந்து படி 4-இல் இருக்கிறது.

படி 2: டிஎன்டி போடுங்கள்

எஸ்எம்எஸ் பெட்டியில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஸ்டார்ட் என்று அடித்து, ஒரு இடம் விட்டு, 0 போட்டு 1909-க்கு அனுப்புங்கள். காசு பிடிக்காது. எழுத்துக் கூட்டுவது சிரமம் என்றால் 1909-க்குப் போன் செய்தும் பதியலாம். ஏர்டெல், ஜியோ, வி செயலிகளுக்குள்ளும் இந்த வசதி இருக்கிறது. ஆனால் மெனுவைத் தேடி அலைவதைவிட எஸ்எம்எஸ்தான் என் சிபாரிசு, பட்டன் போனிலும் வேலை செய்யும். உறுதிப்படுத்தச் சொல்லி 1909-இலிருந்து பதில் வந்தால் அதற்கும் பதில் அனுப்புங்கள். அதை விட்டுவிட்டால் பதிவு பாதியில் நிற்கும்.

அமலுக்கு வர ஒரு வாரம் வரை விடுங்கள். ஓடிபி, வங்கிக் கணக்கில் பணம் ஏறிய தகவல், கேஸ் புக்கிங் போன்ற எஸ்எம்எஸ்கள் இதனால் நிற்காது. விளம்பரம் மட்டும்தான் நிற்கும். எஸ்எம்எஸ் அனுப்பியவரின் பெயர்க் குறியீட்டின் கடைசியில் ஆங்கில பி எழுத்து இருந்தால் அது விளம்பரம், எஸ் சேவை, டி பரிவர்த்தனை, ஜி அரசு. டிஎன்டி போட்ட பிறகும் பி வந்துகொண்டே இருந்தால், எங்கோ ஒரு படிவத்தில் நீங்கள் சம்மதம் கொடுத்திருக்கலாம். ஜவுளிக்கடை பரிசுக் கூப்பன், கண்காட்சி ஸ்டாலில் நிரப்பும் சீட்டு, 'உங்கள் சிபில் ஸ்கோர் இலவசம்' என்ற இணையப் பக்கம் இவையெல்லாம் அந்த வழிதான். கூப்பனில் போன் நம்பர் கட்டத்தைக் காலியாக விட்டாலும் குலுக்கலில் சீட்டைப் போட்டுக்கொள்ளும் கடைகள் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் கணக்கு வைத்திருக்கும் வங்கியே விளம்பரத்துக்குக் கூப்பிடுகிறது என்றால் அவர்களிடம் தனியாகச் சொல்ல வேண்டும். பல வங்கிகளின் இணையதளத்திலேயே அதற்கென்று ஒரு பக்கம் இருக்கும்.

படி 3: போனில் என்ன பேசுவது

எதிர்முனையில் இருப்பது பெரும்பாலும் மாதச் சம்பளத்துக்கு ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருக்கும் பையனோ பெண்ணோதான். பேசி முடித்ததும் அவர்கள் திரையில் ஒரு பட்டியல் வரும்: எடுக்கவில்லை, பிஸி, பிறகு கூப்பிடு, ஆர்வமில்லை, தவறான நம்பர், இனிக் கூப்பிடாதே. அதில் ஒன்றைத் தட்டிவிட்டுத்தான் அடுத்த நம்பருக்குப் போவார்கள். நீங்கள் சொல்லும் வார்த்தைதான் எது தட்டப்படும் என்பதைத் தீர்மானிக்கிறது.

நம் ஆட்கள் சறுக்குவது இங்கேதான். 'இப்ப வண்டி ஓட்டிட்டு இருக்கேங்க, அப்புறம் கூப்பிடுங்க' என்பது நமக்கு நாசூக்கான மறுப்பு. அங்கே அது 'பிறகு கூப்பிடு' பட்டன். சாயங்காலமே போன் வரும். 'வீட்ல கேட்டுச் சொல்றேன்' என்றால் நீங்கள் அரைச் சம்மதம் கொடுத்த வாடிக்கையாளர், உங்களை மேலதிகாரிக்கு மாற்றிவிடுவார்கள். ரிங் போகும்போதே கட் செய்தால் 'பிஸி' அல்லது 'எடுக்கவில்லை'. கம்ப்யூட்டர் தானாகவே திரும்ப டயல் செய்யும். திட்டினால்? பட்டியலில் திட்டுக்கென்று பட்டன் கிடையாது. கடுப்பில் 'பிறகு கூப்பிடு' தட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

அதனால் இப்படிப் பேசுங்கள்:

"வணக்கங்க. எந்தக் கம்பெனில இருந்து பேசறீங்க?" பெயரைச் சொல்வார்கள். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், புகாருக்கு உதவும்.

"எனக்கு இது வேண்டாங்க. இனிமேலும் வேண்டாம். என் நம்பரை உங்க லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்க."

"எடுத்துட்டேன்னு போட்டுக்கோங்க. நன்றிங்க, வச்சிடறேன்."

அவ்வளவுதான். காரணம் சொல்லாதீர்கள். 'ஏற்கெனவே லோன் இருக்குங்க' என்றால் 'அதையே எங்களுக்கு மாத்திக்கலாம் சார்' என்று வரும். 'ஓசூர்ல வேண்டாம், தருமபுரிலதான் பார்க்கறேன்' என்று வாய் தவறிச் சொன்னால் தருமபுரி ப்ளாட் லிஸ்டில் உங்கள் பெயர் ஏறிவிடும். எந்தக் காரணத்துக்கும் அவர்கள் கையில் எழுதி வைத்த பதில் இருக்கிறது, வெறும் 'வேண்டாம்' என்பதற்குத்தான் இல்லை. மூன்றாவது வாக்கியம் முடிந்ததும் அவர்கள் பேசிக்கொண்டிருந்தாலும் வைத்துவிடலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

வேற்று மொழியில் பேசினால் அந்த மொழியிலேயே மறுப்பது சீக்கிரம் வேலையை முடிக்கும். கன்னடத்துக்கு 'பேடா சார்', தெலுங்குக்கு 'வத்தண்டி', இந்திக்கு 'நஹீ சாஹியே'. தமிழில் மட்டும் பதில் சொன்னால் 'தமிழ் பேசும் ஆளிடம் மாற்று' என்று குறித்து, மறுநாள் தமிழ் தெரிந்தவரை விட்டுக் கூப்பிட வாய்ப்பு உண்டு.

'ஹலோ' சொன்னதும் இரண்டு மூன்று நொடி சத்தமே இல்லையென்றால், கம்ப்யூட்டர் டயல் செய்துவிட்டுப் பேச ஆள் தேடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அப்போதே வைத்துவிடத் தோன்றும். காத்திருந்து மேலே சொன்னதைச் சொல்லிவிட்டு வைத்தால் திரும்ப வருவது குறையும்.

படி 4: புகார் கொடுங்கள் (இதுதான் முக்கியம்)

2025 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதிகளைத் திருத்தியது. அழைப்பு வந்த 7 நாளுக்குள் புகார் கொடுக்கலாம், முன்பு 3 நாள்தான் இருந்தது. பதிவு செய்யாத நம்பர்கள் மீது 5 நாளுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும், முன்பு 30 நாள். 10 நாளில் 5 பேர் புகார் கொடுத்தாலே அந்த நம்பர் சிக்கும். முதல் முறை 15 நாளுக்கு அவர்கள் யாருக்கும் போன் செய்ய முடியாது. திரும்பச் செய்தால் அவர்களுடைய எல்லா இணைப்புகளும் ஓராண்டுக்குத் துண்டிப்பு. 10 இலக்க நம்பர்காரர் மீது புகார் கொடுக்க நீங்கள் டிஎன்டி போட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஐந்தே பேர் என்பதைக் கவனியுங்கள். உங்கள் தெருவில் எல்லோருக்கும் ஒரே ப்ளாட் கம்பெனி கூப்பிடுகிறது என்றால், திண்ணையில் உட்கார்ந்து திட்டுவதற்குப் பதில் ஆளுக்கொரு எஸ்எம்எஸ் போட்டால் போதும்.

எஸ்எம்எஸ் வடிவம் இது: என்ன அழைப்பு என்று ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொல், கமா, கூப்பிட்ட நம்பர், கமா, தேதி. தேதி நாள்/மாதம்/ஆண்டு என்ற வரிசையில், 05/06/25 போல. அனுப்ப வேண்டிய எண் 1909. இதில் பலருக்குப் புகார் விழாமல் போவதற்குக் காரணங்கள்:

ஒன்று, இரண்டு சிம் குழப்பம். போன் வந்தது ஜியோ சிம்முக்கு, எஸ்எம்எஸ் போனது பிஎஸ்என்எல் சிம்மிலிருந்து. புகார் உங்கள் சொந்த நிறுவனத்துக்குத்தான் போகிறது. அந்தச் சிம்முக்கு அப்படி ஓர் அழைப்பு வந்த பதிவே அவர்களிடம் இருக்காது, தள்ளிவிடுவார்கள். கால் லாகில் (வந்த அழைப்புகளின் பட்டியல்) அந்த நம்பர் பக்கத்தில் சிம் 1, சிம் 2 என்று சின்னதாக இருக்கும். அதைப் பார்த்து, எஸ்எம்எஸ் அனுப்பும்போதும் அதே சிம்மைத் தேர்ந்தெடுங்கள். பல போன்களில் எஸ்எம்எஸ்ஸுக்கு ஒரு சிம் நிரந்தரமாகத் தேர்வாகி இருக்கும், மாற்றாவிட்டால் எப்போதும் அதிலிருந்தே போகும்.

இரண்டு, நம்பர். கால் லாகிலிருந்து காப்பி செய்து ஒட்டுங்கள், பார்த்து அடித்தால் ஓர் எண் மாறும். 080 போல லேண்ட்லைன் நம்பர் என்றால் எஸ்டிடி கோடையும் சேர்க்க வேண்டும்.

மூன்று, கால் லாகை அழித்துவிடுவது. எரிச்சலில் பிளாக் செய்து, லாகையும் அழித்துவிட்டால் தேதியும் போய்விடும். முதலில் புகார், பிறகு பிளாக்.

சரியாகப் போயிருந்தால் புகார் எண்ணுடன் பதில் வரும். வடிவம் சரியில்லை என்று பதில் வந்தால் மல்லுக்கட்ட வேண்டாம், 1909-க்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள்.

ஸ்மார்ட்போன்காரர்களுக்கு டிராய் டிஎன்டி செயலி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் கால் லாகிலிருந்து அழைப்பைத் தேர்ந்தெடுத்தால் நம்பரும் தேதியும் தானாக ஏறிக்கொள்ளும். அதற்குக் கால் லாக் அனுமதி கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் பட்டியல் காலியாகத் தெரியும். செயலி வேலை செய்யவில்லை என்பவர்கள் முதலில் அந்த அனுமதியைப் பாருங்கள்.

படி 5: போன் செட்டிங்

ட்ரூகாலர் எல்லோரும் போடுவது. எனக்கு அதில் பெரிய பிடித்தம் இல்லை. வந்த நம்பர் யாருடையது என்று காட்ட நிறைய அனுமதி கேட்கிறது, விளம்பரத்தைத் தடுக்கும் செயலியே விளம்பரமும் காட்டுகிறது. ஆண்ட்ராய்டில் கூகுள் போன் செயலியில் ஸ்பாம் அடையாளம் காட்டும் வசதியை ஆன் செய்தாலே பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

அதே செயலியில் 'அன்னோன்' அழைப்புகளைத் தடு என்று ஒன்று இருக்கும். அதை ஆன் செய்துவிட்டு, இன்னும் போன் வருகிறதே என்பார்கள். அது தடுப்பது நம்பரையே மறைத்து வரும் அழைப்புகளை மட்டும்தான், உங்கள் காண்டாக்டில் இல்லாத நம்பர்களை அல்ல. ஐபோனில் நேர் எதிர்: தெரியாதவர்களை மௌனமாக்கும் செட்டிங்கைப் போட்டால் காண்டாக்டில் இல்லாதவர்களின் போன் ரிங்கே ஆகாமல் போய்விடலாம். கூரியர், ஆஸ்பத்திரி, பிள்ளையின் பள்ளி வேன் டிரைவர் எல்லோரும் அதில் அடக்கம். வியாபாரத்தில் இருப்பவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

சில போன்களில் நம்பரின் தொடக்கத்தை வைத்து பிளாக் செய்யலாம். 140 என்று போடுங்கள், அதோடு +91140 என்றும் இன்னொன்று சேருங்கள். சில அழைப்புகள் +91 ஒட்டிக்கொண்டு வருவதால் ஒன்றை மட்டும் போட்டால் பாதி நழுவும். 1600-ஐ பிளாக் செய்ய வேண்டாம்.

கேட்கப்பட்ட சந்தேகங்கள், பிறகு சேர்த்தது

*குழுக் கடன் வசூல் போனுக்கும் 1909-இல் புகார் கொடுக்கலாமா?* அது விளம்பரம் இல்லை, 1909 எடுத்துக்கொள்ளாது. ஆனால் அதற்கும் நேரக் கட்டுப்பாடு இருக்கிறது. ரிசர்வ் வங்கி விதிப்படி மைக்ரோபைனான்ஸ் கடனுக்கு (குழுக் கடன் இந்த வகைதான்) காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது. மற்ற கடன்களுக்கு காலை 8 முதல் இரவு 7 வரை மட்டும் கூப்பிடலாம். மீறினால் கடன் கொடுத்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள்.

*'டிராயிலிருந்து பேசுகிறோம், இரண்டு மணி நேரத்தில் உங்கள் நம்பர் துண்டிக்கப்படும், 9-ஐ அழுத்துங்கள்' என்று வருகிறது.* மோசடி. டிராய் யாருக்கும் அப்படிப் போன் செய்வதில்லை. போலீஸ், சிபிஐ என்று சொல்லி வீடியோ காலில் உட்கார வைப்பதும் இதே கூட்டம்தான். இவர்களிடம் படி 3-இன் மரியாதை எல்லாம் தேவையில்லை, ஒரு வார்த்தை பேசாமல் வையுங்கள். நம்பரை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், மோசடி அழைப்புகளைப் பதியும் சக்ஷு பகுதியில் பதியலாம். பணம் போய்விட்டால் சக்ஷுவில் நேரத்தை வீணாக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியில் நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

*வாட்ஸ்அப்பில் கூப்பிடுகிறார்களே?* 1909-க்கும் டிஎன்டிக்கும் அங்கே வேலை இல்லை. வாட்ஸ்அப் செட்டிங்கில் பிரைவசி, அதில் கால்ஸ், அங்கே தெரியாத அழைப்புகளை மௌனமாக்கும் பொத்தானை ஆன் செய்யுங்கள். சத்தம் வராது, யார் கூப்பிட்டார்கள் என்பது மட்டும் பட்டியலில் நிற்கும். மாங்காய் வியாபாரி வாட்ஸ்அப்பில்தான் கூப்பிடுவார் என்றால் சாயங்காலம் ஒருமுறை அந்தப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.