அமெரிக்க அதிபர் தேர்தலில் போட்டி மாநிலங்களை இனங்காண்பது எப்படி?

போட்டி மாநிலங்கள் என்பவை இரு பெரிய கட்சிகளில் எதுவும் வெல்லக்கூடியவை. முதலில், 2024 அதிபர் தேர்தலில் அவ்விரு கட்சிகளின் வாக்கு வித்தியாசம் ஐந்து விழுக்காட்டுப் புள்ளிகளுக்குள் இருந்த மாநிலங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா ஆகியவற்றோடு நியூ ஹாம்ப்ஷயரும் மின்னசோட்டாவும் அதில் அடங்கும்.

அடுத்து, அந்த வித்தியாசம் எத்திசையில் நகர்கிறது என்பதை முந்தைய தேர்தல்களோடு ஒப்பிடுங்கள்; என் கருத்தில் இதுவே முதன்மையான படி. 2000இல் 537 வாக்குகளில் முடிவான புளோரிடாவில், 2024இல் குடியரசுக் கட்சி 13 புள்ளிகள் முந்தியது. நியூ ஜெர்சியிலோ, 2020இல் ஏறத்தாழ 16 புள்ளிகளாக இருந்த ஜனநாயகக் கட்சியின் முன்னிலை 2024இல் 6 ஆகச் சுருங்கியது. ஆயினும் 2025 ஆளுநர் தேர்தலில் அக்கட்சி பெரும் வித்தியாசத்தில் வென்றதால், ஒரே தேர்தலின் மாற்றத்தை நிலையான போக்கு என்று கொள்வது தவறு.

மெய்ன், நெப்ராஸ்கா இரண்டிலும் தொகுதிவாரியாகவும் தேர்வாளர் வாக்குகள் (அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் மாநிலப் பிரதிநிதிகளின் வாக்குகள்) பிரிவதால், அவற்றைத் தனியே ஆராயுங்கள்.